தீயை ஊட்டும் ஊசி

விடியற்காலையில் கிணற்றடிக்குப் போய், கொட்டகைக் கதவைத் திறந்து, முதல் நாள் மாலைவரை குறையின்றி ஓடிய ஆயில் எஞ்சினுக்கு ஹேண்டில் போட்டுச் சுற்றுகிற குடியானவர், அது வழக்கம்போல் இரண்டாம் மூன்றாம் சுற்றிலேயே உயிர்பெறாமல், இருமி இருமி வெண்புகை கக்கி, அரைமனத்தோடு பற்றிக்கொண்டு, தண்ணீர் ஏறிப் பாரம் விழுந்தவுடன் கரும்புகையைப் பொழிந்தவாறு தட்டத் தொடங்குவதைக் கண்டால், யந்திர சாஸ்திரம் ஒன்றும் படிக்காதவராயினும், காதைக்கொண்டும் கண்ணைக்கொண்டுமே நோயின் பெயரைச் சொல்லிவிடுவார்: “நாசில் ஒழுகுது.” அந்த இரண்டு சொற்களுக்குள் எவ்வளவு பௌதிகம் அடங்கியிருக்கிறது என்பதையும், ஒழுகுகிற அந்த நாசிலை ஒரு நிதானமுள்ள மனிதர் தம் வீட்டிலேயே எம்மட்டும் சுத்தம்செய்து சீர்ப்படுத்தலாம் என்பதையும், எந்த இடத்தில் கையை நிறுத்திக்கொள்ளவேண்டும் என்பதையும் இந்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

பொறியில்லாத தீ

பெட்ரோல் எஞ்சினில் தீயைப் பற்றவைக்க ஒரு பிளக் உண்டு. டீசல் எஞ்சினில் அப்படி ஒன்றுமில்லை. பிறகு தீ எங்கிருந்து வருகிறது? சைக்கிளுக்குக் காற்றடித்துப் பழகியவர்கள், பத்துப் பதினைந்து முறை அமுக்கியவுடன் பம்பின் அடிப்புறம் கையைச் சுடுவதை அறிவார்கள். அந்தச் சூடு உராய்வினால் மட்டும் உண்டாவதன்று; காற்றை நெருக்குவதற்காக நாம் செலவிடும் உழைப்பே காற்றினுள் உஷ்ணமாகப் புகுந்துகொள்கிறது. தென்கிழக்கு ஆசியாவின் மக்கள் இந்த உண்மையை விஞ்ஞானிகள் எழுதிவைப்பதற்கு முன்பே கையாண்டிருக்கிறார்கள். ஒரு புறம் அடைபட்ட சிறு மூங்கிற்குழாய், அதில் இறுகப் பொருந்தும் ஒரு தண்டு, தண்டின் நுனியில் சிறிது பஞ்சு. உள்ளங்கையால் ஓங்கி ஓர் அடி அடித்துச் சட்டென்று இழுத்தால், நெருக்குண்ட காற்றின் உஷ்ணத்தால் பஞ்சு கனன்றுகொண்டு வெளிவரும். டீசல் எஞ்சினின் சிலிண்டரில் நிகழ்வதும் இதுவேதான். காற்று தன் கொள்ளளவில் பதினேழில் ஒரு பங்காக நெருக்கப்படும்போது, அதன் உஷ்ணநிலை 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் ஏறிவிடுகிறது. டீசலோ 250 டிகிரிக்கு உட்பட்ட உஷ்ணத்திலேயே தானாகப் பற்றிக்கொள்ளும் சுபாவமுடையது. ஆகவே, உரிய கணத்தில் எண்ணெயை உள்ளே செலுத்தினால் போதும்; பொறி வைப்பாரின்றியே அது எரியும்.

இப்படிச் சொல்லிவிடுவது எளிது. செய்வதற்கோ ஒரு தலைமுறைக் காலம் பிடித்தது. 1858-இல் பாரிஸ் நகரில் ஜெர்மானியப் பெற்றோருக்குப் பிறந்து, மியூனிக் நகரில் கார்ல் வான் லிண்டே என்னும் பேராசிரியரிடம் உஷ்ணவியல் பயின்ற ருடால்ஃப் டீசல், 1893-ஆம் ஆண்டு தம் எண்ணத்திற்குப் பேடண்ட் உரிமை பெற்று, அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் ஆக்ஸ்பர்க் தொழிற்சாலையில் முதல் எஞ்சினைச் சோதித்தபோது, அழுத்தத்தைக் குறிக்கும் கருவியே வெடித்துச் சிதறிற்று. மனந்தளராமல் மேலும் மூன்றரை ஆண்டு உழைத்த பிறகு, 1897 பிப்ரவரி 17-ஆம் தேதி, மியூனிக் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் முன்னிலையில் நடந்த பரிசோதனையில், எரிபொருளின் சக்தியில் நூற்றுக்கு 26.2 பங்கை அந்த எஞ்சின் வேலையாக மாற்றிக் காட்டியது. பத்தில் ஒரு பங்கையே சுற்றிச் சுற்றி நின்ற அக்காலத்து நீராவி யந்திரங்களோடு ஒப்பிட்டால், அது எத்தகைய வெற்றி என்பது விளங்கும்.

ஆயினும் டீசலின் எஞ்சினுக்கு ஒரு பெருஞ்சுமை இருந்தது. கொதிக்கும் காற்று ஏற்கெனவே முப்பது நாற்பது மடங்கு அழுத்தத்தோடு நிறைந்திருக்கும் சிலிண்டருக்குள், எண்ணெயைப் புகுத்துவது எப்படி? அதைவிட அதிக அழுத்தமுள்ள காற்றை வேறொரு கம்ப்ரஸரில் தயாரித்து, அந்தக் காற்றின் வேகத்தால் எண்ணெயை ஊதித் தள்ளுவதே அவர் கண்ட வழி. கம்ப்ரஸர் பெரியது, கனமானது, எஞ்சினின் சக்தியிலும் ஒரு பகுதியைத் தின்றுவிடுவது. எனவே டீசல் எஞ்சின் கப்பலிலும் மின்சார நிலையத்திலும் குடியிருக்கத் தகுந்ததாயிற்றே ஒழிய, வண்டியில் ஏறவோ கிணற்றடிக்கு வரவோ இயலவில்லை. காற்றின் துணையின்றி எண்ணெயையே நேராகப் பீச்சும் முறைக்கு 1910-இல் இங்கிலாந்தில் விக்கர்ஸ் நிறுவனத்தின் ஜேம்ஸ் மெக்கெக்னி வழிகாட்டினார். ஆனால் ஆயிரக்கணக்கில் ஒரே தரத்தில் செய்து விற்கத்தக்க பீச்சு பம்பும் நாசிலும், ஸ்டட்கர்ட் நகரத்து ராபர்ட் பாஷ் நிறுவனத்திலிருந்து 1927-ஆம் ஆண்டில்தான் வெளிவந்தன. அதைக் காண டீசல் உயிரோடில்லை. 1913 செப்டம்பர் 29-ஆம் தேதி இரவு, ஆண்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்து நோக்கிச் சென்ற ட்ரெஸ்டன் என்னும் கப்பலிலிருந்து அவர் கடலில் மறைந்துபோனார். அவர் பெயரைத் தாங்கிய எஞ்சின் லாரிக்கும் டிராக்டருக்கும், மாடுகள் நீரிறைக்கக் கவலை இழுத்த கிணற்று மேட்டுக்கும் வந்து சேர்ந்தது, நாசில் என்னும் விரல் பருமனுள்ள ஒரு சிறு உலோகத் துண்டு செம்மையுற்ற பிறகே.

ஒரு துளியின் கணக்கு

அந்தச் சிறு துண்டு செய்யவேண்டிய காரியத்தின் அருமையை உணர்வதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. ஏழு குதிரைச் சக்தியுள்ள ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் ஒன்று நிமிஷத்திற்கு 1,500 சுற்றுச் சுற்றுவதாகக் கொள்வோம். இரண்டு சுற்றுக்கு ஒரு முறை எண்ணெய் பீச்சப்படுவதால், நிமிஷத்திற்கு 750 முறை, மணிக்கு 45,000 முறை நாசில் திறந்து மூடவேண்டும். முழுப் பாரத்தில் அது மணிக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் டீசல் குடிக்கும். ஒன்றரை லிட்டரை 45,000-ஆல் வகுத்தால், ஒரு பீச்சுக்கு 33 கன மில்லிமீட்டர், அதாவது கண்ணுக்கு மருந்து விடும் குழாயிலிருந்து சொட்டும் ஒரு துளியில் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கிறது. இந்த அளவையும், பாரம் குறையும்போது இதிலும் குறைந்த அளவையும், ஒரு விநாடியின் நானூற்றில் ஒரு பங்கு நேரத்துக்குள் செலுத்தி முடித்துவிட வேண்டும். நாம் ஒரு முறை கண்ணிமைப்பதற்குள் நாசில் இத்தகைய பீச்சு நாற்பது நிகழ்த்தத்தக்க வேகம் அது.

செலுத்தினால் மட்டும் போதாது, நுணுக்கித் தரவேண்டும். 33 கன மில்லிமீட்டர் எண்ணெயை ஒரே உருண்டையாகப் பாவித்தால், அதன் விட்டம் 4 மில்லிமீட்டர், மேற்பரப்பு 50 சதுர மில்லிமீட்டர். எண்ணெய் உருண்டையின் உள்ளே தீ இல்லை. அதன் மேற்பரப்பிலிருந்து ஆவியாகிக் காற்றோடு கலந்த பகுதியே எரிகிறது. ஆகையால் விநாடியின் ஒரு சிறு பின்னத்துக்குள் முழுதும் எரியவேண்டுமானால் மேற்பரப்பைப் பெருக்குவதைத் தவிர வேறு உபாயமில்லை. அதே உருண்டையை ஒவ்வொன்றும் 20 மைக்ரான் விட்டமுள்ள துகள்களாக உடைத்தால், 80 லட்சம் துகள்கள் கிடைக்கும். அவற்றின் மேற்பரப்பு 200 மடங்காகப் பெருகி 10,000 சதுர மில்லிமீட்டராகும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒவ்வொரு முறையும் முக்கால் துளிக்கும் குறைந்த எண்ணெயை 80 லட்சமாகப் பிளப்பதும், அதை மணிக்கு 45,000 முறை பிழையின்றிச் செய்வதுமே நாசிலின் தினசரி உத்தியோகம்.

இப்போது “ஒழுகுது” என்ற சொல்லின் பொருள் தெளிவாகிறது. பீச்சு முடிந்த பிறகும் நுனியில் ஒரு சொட்டு தொங்குமானால், அது 80 லட்சமாகப் பிளக்கப்படாத உருண்டை. அது எரிந்து தீருவதற்கு நேரம் போதாது; பாதி கரும்புகையாக வெளியேறும், மீதி நாசில் நுனியிலேயே கரியாகப் படியும். படிந்த கரி துவாரத்தைக் கோணலாக்க, எண்ணெய் காற்றில் கலவாமல் பிஸ்டனின் தலையிலோ சிலிண்டர் சுவரிலோ மோதி, எஞ்சின் ஆயிலையும் நீர்த்துப்போகச் செய்யும். ஒரு குறை இன்னொரு குறையை ஈன்றுகொண்டே போகும்.

ஊசியும் அதன் கூடும்

இன்ஜெக்டர் என்று நாம் சொல்லும் முழு உறுப்பைக் கழற்றி ஒரு தட்டில் வரிசையாக வைத்தால், பெரிதாக ஒன்றும் இராது. மேலே இறுக்கும் திருகும் அதன் மூடியும். அடுத்துத் தடித்த கம்பியாலான ஒரு ஸ்பிரிங். ஸ்பிரிங்கின் பலத்தைக் கீழே கொண்டுசெல்லும் ஒரு தண்டு. இவற்றைத் தாங்கும் உடல். உடலின் அடியில் ஒரு பெரிய நட்டினால் பிணைக்கப்பட்ட நாசில். நாசிலும் இரண்டு துண்டுகளே: ஒரு கூடு, அதற்குள் ஓர் ஊசி. ஊசியின் முனை கூம்பாகத் தீட்டப்பட்டு, கூட்டின் அடியிலுள்ள கூம்பான பள்ளத்தில் அமர்ந்திருக்கும். பட்டறையில் அதைச் ‘சீட்’ என்பார்கள். சீட்டுக்குக் கீழே, மயிரிழையைப்போல் மூன்று நான்கு மடங்கு பருமனுள்ள சில துவாரங்கள்.

பம்பிலிருந்து வரும் எண்ணெய், ஊசியின் தோளைச் சூழ்ந்து நின்று அதை மேலே தூக்க முயல்கிறது. ஸ்பிரிங் அதைக் கீழே அழுத்துகிறது. நம் கிணற்று எஞ்சின்களில் இந்த மல்லுக்கட்டு சுமார் 200 பார் அழுத்தத்தில் தீர்கிறது. கடல்மட்டத்திலிருந்து கொடைக்கானலின் உயரத்துக்கு ஒரு குழாயைச் செங்குத்தாக நிறுத்தித் தண்ணீரை நிரப்பினால், அடியில் எவ்வளவு அழுத்தம் இருக்குமோ ஏறத்தாழ அவ்வளவு அது. ஆறு மில்லிமீட்டர் பருமனே உள்ள ஊசியை அந்த அழுத்தம் நாற்பது கிலோ எடைக்கு ஒப்பான விசையோடு தூக்குகிறது. இதில் விசேஷமான ஒரு நயம் உண்டு. ஊசி சீட்டில் அமர்ந்திருக்கும்வரை அதன் தோளின்மேல் மட்டுமே அழுத்தம் படுகிறது. இம்மியளவு எழுந்தவுடனே முனையின் கீழும் எண்ணெய் புகுந்து, முழுப் பரப்பையும் தாக்குவதால், ஊசி தயங்கித் தயங்கி எழாமல் துள்ளி எழுகிறது. அழுத்தம் தணிந்தவுடன் அதே விரைவில் வந்து அறைந்து மூடுகிறது. இந்தத் துள்ளலே நல்ல நாசிலின் உயிர். டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிவைத்து எஞ்சினை மெல்லக் கையால் சுற்றும்போது, இரண்டு சுற்றுக்கு ஒரு முறை ‘கிறீச்’ என்று ஒலிப்பதைக் கேட்டிருப்பீர்கள். அது ஊசி துள்ளும் ஒலி.

200 பார் அழுத்தத்தைத் தாங்கி நிற்கும் இந்த ஊசிக்கு, கசிவைத் தடுக்க ரப்பரோ தோலோ கிடையாது. இரும்புக்கு இரும்பே அடைப்பு. ஊசிக்கும் கூட்டுக்கும் இடையே விடப்பட்டிருக்கும் வெளி இரண்டிலிருந்து நான்கு மைக்ரான். தலைமயிரின் பருமனை இருபது கூறாக்கினால் ஒரு கூறு. அந்த வெளியில் பரவி நிற்கும் டீசலே ஊசிக்கு மசகெண்ணெய். அதில் சிறிது மேலே கசிந்து, மெல்லிய குழாய் வழியாக டாங்கிக்குத் திரும்புகிறது. இவ்வளவு நெருக்கமான பொருத்தத்தைத் தனித்தனியே செய்து சேர்த்துவிட முடியாது. ஒவ்வோர் ஊசியும் தன் கூட்டோடு இணையாகவே தேய்த்துப் பொருத்தப்படுகிறது. ஆகையால் இரண்டு எஞ்சின்களின் நாசில்களை ஒரே சமயத்தில் கழற்றிவைத்து ஊசியை மாற்றிப் போட்டுவிட்டால், இரண்டு நல்ல நாசில்களும் அக்கணமே பழுதாகிவிடும்.

இங்கேதான் வீட்டில் சர்வீஸ் செய்ய முற்படுகிறவர் மனத்தில் ஆழப் பதித்துக்கொள்ள வேண்டிய உண்மை இருக்கிறது. நான்கு மைக்ரான் துல்லியத்தை நம் கை உண்டாக்க முடியாது. உண்டாக்கப்பட்ட துல்லியத்தை மறைத்து நிற்கும் அழுக்கை நீக்கலாம். நீக்கும்போது துல்லியத்தைக் கெடுக்காமலிருக்கலாம். வீட்டு வைத்தியத்தின் எல்லை இவ்வளவே. ஆனால் அழுக்கினால் வரும் நோய்கள் மிகுதியாகையால் இந்த எல்லைக்குள் செய்யத்தக்கதும் நிறைய இருக்கிறது.

நோய் வரும் வழிகள்

நாசிலின் முதற்பகை தண்ணீர். டிரம்மின் அடியில் தங்கும் நீரும், பாதி காலியான டாங்கியின் உட்சுவரில் இரவுக் குளிரில் வியர்த்து இறங்கும் நீரும், எண்ணெயோடு வந்து ஊசியில் துரு ஏற்றுகின்றன. மசகில்லாத ஊசி கூட்டோடு பிடித்துக்கொள்கிறது. இரண்டாம் பகை தூசி. கண்ணுக்குத் தெரியாத பத்து மைக்ரான் மணல், நான்கு மைக்ரான் வெளிக்கு ஒரு பாறாங்கல். அது சீட்டில் ஒரு கீறலிட்டால், அந்தக் கீறலே ஒழுகலுக்கு வாய்க்கால். மூன்றாவது, நாட்பட்ட டீசலிலிருந்து படியும் பிசின். அறுவடைக்குப் பின் மாதக்கணக்கில் ஓடாமல் நின்ற எஞ்சின்களில் இதை அதிகம் காணலாம். நான்காவது உஷ்ணம். இன்ஜெக்டரின் அடியிலுள்ள செம்பு வாஷர் விடுபட்டாலும், பழையதன்மேல் புதியது என்று இரண்டாகிவிட்டாலும், நாசில் நுனி இருக்கவேண்டிய ஆழத்தில் இராது, எரிதலின் சூடும் உரிய வழியில் இறங்காமல் நுனியிலேயே தங்கிவிடும்.

இவற்றோடு மனிதன் வருவிக்கும் நோயும் உண்டு. என் இளமையில், எங்கள் கிணற்று எஞ்சின் கரும்புகை விட்டபோது, கொட்டகை மண் தரையில் சாக்கை விரித்து நாசிலைக் கழற்றி, பழுப்பேறியிருந்த ஊசியை உப்புத்தாளால் கண்ணாடிபோல் மினுக்கிப் பூட்டினேன். அன்று மாலை எஞ்சின் முன்னிலும் மோசமாகப் புகைந்தது. பளபளப்புக்காக நான் தேய்த்தெடுத்தது பழுப்பை மட்டுமன்று, ஊசியின் அளவையே என்பதும், அந்த நாசில் இனி எவராலும் மீட்க முடியாதது என்பதும், பக்கத்து ஊர் மெக்கானிக் வந்து பார்த்த பிறகே எனக்கு விளங்கின. அவர் கடிந்துகொள்ளவில்லை. “தம்பி, நாசிலைத் தேய்க்கக் கூடாது, கழுவணும்” என்றார். அன்றிலிருந்து அந்த வாக்கியத்தை நான் மறந்ததில்லை.

வீட்டில் செய்யும் சிகிச்சை

வேலையைத் தொடங்குமுன் ஓர் எச்சரிக்கையை உரக்கச் சொல்லவேண்டும். இன்ஜெக்டரை வெளியே எடுத்து, அதே குழாயில் மாட்டி, எஞ்சினைச் சுற்றிப் பீச்சைப் பார்ப்பது நம் பக்கத்தில் பழக்கம். அப்போது பாயும் எண்ணெய், கைத்தோலை ஊசிபோல் துளைத்து உள்ளே புகுந்துவிடும். வெளியே ஒரு சிறு புள்ளி மட்டுமே தெரியும், வலியும் முதலில் சொற்பமாகவே இருக்கும். ஆனால் உள்ளே சென்ற டீசல் சதையை அழுகச் செய்து, விரலையோ கையையோ இழக்கும்படி செய்துவிடும். அப்படி நேர்ந்தால், காயம் சிறிதென்று எண்ணாமல், உடனே அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குச் சென்று, எண்ணெய் அழுத்தத்தோடு பாய்ந்தது என்று தெளிவாகச் சொல்லவேண்டும். பீச்சின் எதிரே எவர் கையும் முகமும் இருக்கலாகாது. கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும். அந்தப் பனிமூட்டம் தீப்பற்றக்கூடியதாகையால் அருகில் விளக்கோ பீடியோ கூடாது. அதைச் சுவாசிப்பதும் தீங்கு.

எஞ்சின் குளிர்ந்த பிறகு, எதையும் தளர்த்துமுன் இன்ஜெக்டரைச் சுற்றிப் படிந்திருக்கும் மண்ணையும் எண்ணெய்ப் பிசுக்கையும் பிரஷ்ஷினாலும் டீசலினாலும் கழுவிவிட வேண்டும். அழுக்கோடு கழற்றினால் அது எஞ்சினுக்குள் விழும். பிறகு பம்பிலிருந்து வரும் தடித்த குழாயையும், கசிவுக் குழாயையும் கழற்றி, திறந்த வாய்களைச் சுத்தமான மூடியாலோ பிளாஸ்டிக் தாளாலோ உடனே கட்டிவிட வேண்டும். பிடிப்பு நட்டுகளை மாறி மாறிச் சிறிது சிறிதாகத் தளர்த்தி, இன்ஜெக்டரை இப்படியும் அப்படியும் திருகி மேலே எடுக்கலாம். வராவிட்டால், சுற்றிலும் எண்ணெய் விட்டு ஊறவிட வேண்டுமே தவிர, கடப்பாரைபோல் ஏதாவது கொடுத்து நெம்பலாகாது. குழியின் அடியில் செம்பு வாஷர் தங்கிவிட்டதா என்று பார்த்து எடுத்த பின், குழியையும் மூடவேண்டும்.

அடுத்த வேலைக்கு எங்கள் மெக்கானிக் தம்மைத் தயார் செய்துகொண்ட விதத்தை நான் பலமுறை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். கொட்டகையில் அவர் நாசிலைத் திறக்கமாட்டார். வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவந்து, தரையை ஈரத்துணியால் துடைத்து, கைகளை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, காற்று வீசும் பக்கத்துக் கதவைச் சாத்திவிட்டு, வடிகட்டிய டீசலை இரண்டு கிண்ணங்களில் ஊற்றிவைத்துக்கொண்டுதான் உட்காருவார். ஒரு கிண்ணம் கழுவ, மற்றது கடைசி அலசலுக்கு. நூல் பிரியும் துணியை அருகே விடமாட்டார். ஒரு பஞ்சிழை போதும் துவாரத்தை அடைக்க.

இன்ஜெக்டரை வைஸில் பிடிக்கும்போது, தாடைகளுக்குச் செம்புத் தகடோ அலுமினியத் தகடோ கொடுக்க வேண்டும். முதலில் மேல் மூடியை எடுத்து, ஸ்பிரிங் திருகைத் தளர்த்தி, நாற்பது கிலோ அழுத்தத்தை விடுவிக்க வேண்டும். திருகை எத்தனை சுற்றுத் தளர்த்தினோம் என்று குறித்துக்கொண்டால் திரும்ப வைக்கும்போது உதவும். அதன் பின்னரே நாசில் நட்டைக் கழற்றவேண்டும். கிரமம் மாறினால், நாசிலை இடத்தில் நிறுத்தும் சிறு ஊக்குகள் வளையும். நாசிலைக் கையில் எடுத்ததும் ஊசியின் வால்பகுதியைப் பிடித்து இழுக்கவேண்டும். தீட்டப்பட்ட பாகத்தில் விரல் படலாகாது, வியர்வையே அதற்குத் துரு. ஊசி வர மறுத்தால் டீசலில் ஓர் இரவு ஊறட்டும்.

கூட்டின் வெளிப்புறக் கரியைப் பித்தளைக் கம்பிப் பிரஷ்ஷினால் நீக்கலாம். எஃகுப் பிரஷ் ஆகாது. உட்புறத்துச் சீட்டைக் கூராகச் சீவிய மென்மரக் குச்சியால் டீசல் தோய்த்துச் சுழற்றினால் பிசின் வந்துவிடும். துவாரங்களுக்கு, அவற்றினும் மெல்லியதாக அதற்கென்றே விற்கும் கம்பியைப் பிடியில் மிகக் குறுக நீட்டிவைத்து, சுழற்றிச் சுழற்றி நுழைக்க வேண்டும். நீளமாக நீட்டினால் உள்ளேயே ஒடியும். தையலூசி, குண்டூசி எதுவும் கூடாது. கால் மில்லிமீட்டர் துவாரம் சற்றே பெருத்தாலும் எண்ணெய் பிளவுபடும் விதம் மாறிவிடும். ஊசியின் பழுப்பு டீசலில் கழுவியும் மரத்தால் வழித்தும் போனமட்டும் போகட்டும். நீலம் பாய்ந்திருந்தாலோ, கீறலோ குழியோ தெரிந்தாலோ அந்த இணையின் ஆயுள் முடிந்தது.

கழுவி முடித்ததும் மெக்கானிக் செய்யும் பரிசோதனைதான் எனக்கு இன்றும் ஆச்சரியம் தருவது. கூட்டையும் ஊசியையும் இரண்டாம் கிண்ணத்து டீசலில் அமிழ்த்தி, எண்ணெய்க்குள்ளேயே ஊசியைக் கூட்டில் செருகி வெளியே எடுப்பார். கூட்டைப் பாதி சாய்வாகப் பிடித்து, ஊசியை மூன்றில் ஒரு பங்கு வெளியே இழுத்து விடுவார். எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுவோம். ஊசி ஒரு கணம் நின்று, பிறகு தன் எடையினாலேயே, தயங்காமலும் விழாமலும், ஒரே சீராக வழுகி இறங்கிச் சீட்டில் போய் அமரும். ஊசியைக் கால் வட்டம் திருப்பி மறுபடியும் விடுவார். மறுபடியும் அப்படியே இறங்கவேண்டும். வழியில் நின்றால் அழுக்கு மிச்சம் இருக்கிறது, திரும்பக் கழுவு. தடதடவென்று விழுந்தால் தேய்ந்துவிட்டது, மாற்று. அளவுகருவி ஏதுமின்றி, பூமியின் ஈர்ப்பையும் டீசலின் பிசுக்கையுமே கருவியாகக்கொண்டு சில மைக்ரான்களை அளக்கும் பரிசோதனை இது.

சேர்க்கும்போது, பாகங்களைத் துடைத்து உலர்த்தாமல் டீசல் ஈரத்தோடேயே பூட்டவேண்டும். நாசில் நட்டை எஞ்சினின் கைப்புத்தகம் சொல்லும் டார்க், அதாவது முறுக்கு விசை, அளவுக்கே இறுக்கவேண்டும். பலமெல்லாம் காட்டி முடுக்கினால் கூடு நெளிந்து ஊசி பிடித்துக்கொள்ளும். செம்பு வாஷர் புதியதாகவே இருத்தல் நலம். பழையதைப் போடவேண்டிய நிர்ப்பந்தம் வந்தால், மங்கிய செந்நிறம் வரச் சூடாக்கி ஆறவிட்டுக் கரியைத் துடைத்துப் போடலாம். நசுங்கி இறுகிய செம்பு இவ்விதம் மீண்டும் மென்மை பெறும். தண்ணீரில் தோய்த்தாலும் எஃகைப்போல் கடினப்படாது. பிடிப்பு நட்டுகளைச் சமமாக மாறி மாறி இறுக்கி, தடித்த குழாயின் நுனியைத் தளர்த்திவைத்தே எஞ்சினைச் சுற்றி, குமிழி அடங்கி வெறும் எண்ணெய் வரும்வரை ஏர் எடுத்து, பிறகு முடுக்கவேண்டும்.

கை நிற்கவேண்டிய இடம்

திறப்பு அழுத்தம் சரியா, ஒழுகல் நின்றதா என்று உறுதியாகச் சொல்ல ஒரு நாசில் டெஸ்டர் வேண்டும்: கைநெம்புகோல், சிறு எண்ணெய்த் தொட்டி, அழுத்தமானி, அவ்வளவே. அது இல்லாதவர் கழுவிய நாசிலைப் பம்பு சர்வீஸ் கடைக்கு எடுத்துச் சென்று சில நிமிஷங்களில் பார்த்துவரலாம். நெம்புகோலை விரைந்து அமுக்கினால் ‘கிர்ர்’ என்ற ஒலியோடு எல்லாத் துவாரங்களிலிருந்தும் ஒரே அளவான பனிமூட்டம் எழவேண்டும். கோடாகவோ ஒருபுறமாகவோ பாயலாகாது. அடுத்து, திறப்பு அழுத்தத்திற்கு இருபது பார் குறைவாக ஏற்றி, பத்து விநாடி பிடித்துப் பார்க்கவேண்டும். நுனியில் சொட்டுத் திரளக் கூடாது. அழுத்தம் குறைந்திருந்தால் திருகினாலோ மெல்லிய தகடுகளாலோ ஸ்பிரிங்கை இறுக்கிச் சரிப்படுத்தலாம். சுத்தமாகக் கழுவிய பின்னும் சொட்டினால் சீட் தேய்ந்திருக்கிறது. அதை வீட்டில் தேய்த்துப் பொருத்த எண்ணுவது வீண். புது நாசில் வாங்கவேண்டியதே. டீசலில் கலக்கச் சொல்லி விற்கும் மருந்துகள் பிசினைச் சிறிது இளக்கக்கூடும். தேய்ந்த இரும்பை வளர்க்கமாட்டா.

இன்றைய கார்களிலும் லாரிகளிலும் உள்ள காமன் ரயில் இன்ஜெக்டர்களைப் பற்றியும் ஒரு சொல் சொல்லவேண்டும். அவற்றில் அழுத்தம் 2,000 பாருக்கும் மேல் ஏறுகிறது. எஞ்சினின் கம்ப்யூட்டர் இட்ட கட்டளைப்படி ஒரே எரிதலுக்குள் பலமுறை சிறுசிறு பீச்சாகத் திறந்து மூடுகின்றன. பலவற்றில் இன்ஜெக்டர் ஒவ்வொன்றுக்கும் உரிய குறியெண்ணைக் கம்ப்யூட்டரில் பதிந்தால்தான் அளவு சரியாக வரும். அவற்றை வீட்டில் பிரிக்கவே கூடாது. எஞ்சின் ஓடும்போது அவற்றின் குழாயைத் தளர்த்திப் பார்ப்பது உயிருக்கே அபாயம். ஆனால் ஃபில்டரை உரிய காலத்தில் மாற்றுவதும் அதில் தேங்கும் நீரை இறக்குவதும் அங்கும் வீட்டுக்காரரின் கடமையே.

கிணற்று எஞ்சினானாலும் காரானாலும் நாசில் சர்வீஸ் உண்மையில் டீசல் டிரம்மிலேயே தொடங்குகிறது. டிரம்மைச் சற்றே சாய்த்து வைத்து, ஒரு நாள் தெளியவிட்டு, அடிமண்டியைத் தொடாமல் மேலிருந்து எடுத்து, நெருக்கமான சல்லடை வைத்த புனலால் ஊற்றுவது. துத்தநாகம் பூசிய பாத்திரத்தில் டீசலைத் தேக்கிவைக்காதிருப்பது. மாலையில் வேலை முடிந்ததும் டாங்கியை நிரப்பி வைத்து, இரவில் நீர் வியர்க்க வெற்றிடம் விடாதிருப்பது. நன்றாக ஓடும் நாசிலை வெறும் ஆவலுக்காகத் திறக்காதிருப்பது: இவற்றில் எதற்கும் கருவி தேவையில்லை. எங்கள் மெக்கானிக் வேலையை முடித்துக் கிளம்பும்போதெல்லாம், கூலியை வாங்குமுன், எங்கள் டிரம்மின் அருகே சென்று அடித்திருகைத் திறந்து, உள்ளங்கையில் சிறிது டீசலை ஏந்தி, வெளிச்சத்தில் பார்ப்பார். தெளிவாக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் தலையசைத்துவிட்டுப் போவார். கலங்கலாக இருந்தால், கையைக் கழுவிக்கொண்டே, “அடுத்த மாசமும் நான் வரவேண்டியிருக்கும்” என்பார். அப்படியே வரவும் நேர்ந்தது.